ஈரம் உறிஞ்சும் மெஷின்

“போன மாசம் வாங்கின மெஷின்! பாப்பா ரூம்ல ராத்திரி பகலா ஓடுது. சுவத்துல பூஞ்சை மட்டும் போன பாடில்ல!” என்று எகிறினார் பாப்பாவின் அப்பா.

ஈரம் உறிஞ்சும் மெஷினைப் பார்க்க வந்த மெக்கானிக், பையைக் கீழே வைத்தார்.

“உள்ள தண்ணி சேருதா சார்?”

“ஒரு நாளைக்கு நாலு தடவை நிரம்புது. கொட்டிக் கொட்டி என் கையே ஓஞ்சுபோச்சு” என்றாள் அம்மா.

“அப்ப மெஷின் நல்லாத்தானே வேலை செய்யுது? சுவத்துல எங்கயாவது ஒழுகுதா?”

“ஒரு சொட்டு கிடையாது” என்றார் அப்பா. “ பாப்பாவுக்கு இருமல் நிக்கல. பூஞ்சைதான் காரணம்னு டாக்டர் சொல்லிட்டார். பேசாம மெஷினை மாத்திக் குடுங்க!”

மெக்கானிக் தலையைச் சொறிந்தபடி பாப்பாவின் அறைக் கதவைத் தள்ளினார். உள்ளே கால் வைக்க முடியவில்லை. சுவருக்குச் சுவர் கட்டிய கொடிகளில், வீட்டுத் துணி மொத்தமும் பாப்பாவின் கட்டிலுக்கு மேல் ஈரம் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது.

“என்னங்க இது?”

“நீங்களே பாத்துட்டீங்கல்ல?” அப்பாவின் குரலில் வெற்றி. “நேத்துக் கொடியில போட்ட ஜீன்ஸ், இன்னும் காயல. இந்த மெஷினை நம்பி மாடிக் கொடியை வேற கழட்டிட்டோம்!”