வின்ச் இல்லாத வண்டி

இதை எனக்கு முதலில் சொன்னது வச்சலா. போன மாசி மகத்தன்று, மாமல்லபுரம் கடற்கரையில் பெருமாள் தீர்த்தவாரிக்குக் காத்திருந்தபோது சொன்னாள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் இருக்கிறாள். அவள் புருஷன் பக்தவச்சலத்துக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு. வருஷக்கணக்காகப் படகைக் கரைக்கு இழுத்து இழுத்து மனுஷனுக்கு இடுப்பு போய்விட்டது. "கடலுக்குப் போங்க, வேணாங்கல. படகு இழுக்கிற கயித்தை மட்டும் தொடாதீங்க. இன்னொரு தடவை பிடிச்சுதுன்னா படுக்கைதான்" என்று செங்கல்பட்டு டாக்டர் சொல்லிவிட்டார்.

அதனால்தான் கடற்கரை மணலில் ஓடும் வண்டி ஒன்று வாங்கக் கிளம்பினார்கள். ஜீப்புக்கும் டிராக்டருக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கும். முன்னால் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். பின்னால் வலை, எஞ்சின், ஐஸ் பெட்டி ஏற்றலாம். முட்டுக்காட்டுப் பக்கம் ஒரு வியாபாரியிடம் பச்சையில் ஒன்று, சிவப்பில் ஒன்று நின்றன.

"பச்சையே நல்லா கீது. பாட்டுப் பொட்டி கூட கீது பாரு" என்றார் பக்தவச்சலம்.

"பாட்டு கேக்கவா வந்தோம்? சேப்பு வண்டி மூஞ்சில உருளை மாதிரி இன்னாது அது?"

"வின்ச்சும்மா" என்றார் வியாபாரி ராஜாராம். "இரும்புக் கயிறு சுத்தியிருக்கு. சும்மா கட்டி இழுத்தா வண்டிச் சக்கரம் மணல்ல புதைஞ்சிடும், இது அப்படியில்ல. கொக்கியைப் படகுல மாட்டி சுவிட்சைத் தட்டுனா, படகு தானா மேல ஏறி வந்துடும். ஒருத்தரும் கயிறு பிடிக்க வேணாம்."

"ஒருத்தருமே வேணாமா?" என்று கேட்டார் பக்தவச்சலம்.

"ஒருத்தருமே வேணாம்ணே."

அவர் குனிந்து அந்த உருளையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வச்சலாதான் முடிவு செய்தாள். "சேப்பு வண்டிதான். உன் இடுப்பு எனக்கு வோணும். அப்புறம் ஞாயித்துக்கிழமையான்னா கோவளம் வரைக்கும் ஒரு ரவுண்டு இட்டுக்கினு போணும். இத்தினி வருஷமா பைக்ல உன் முதுகையே பார்த்துகினு வந்தேன். இனிமேவாவது பக்கத்துல உக்காந்து மூஞ்சியப் பாக்கறேன்."

"இந்த மூஞ்சில இன்னாடி கீது பாக்க?"

வண்டிக்குச் சுத்திப்போடப் பூசணிக்காய், எலுமிச்சம்பழம் வாங்க அவள் முன்னாலேயே பஸ் ஏறிவிட்டாள். சாயங்காலம் வண்டி வந்தது. ஆரத்தித் தட்டோடு எதிரே போனவள் அப்படியே நின்றாள். வண்டியின் மூஞ்சியில் வெறும் போல்ட் ஓட்டைகள்.

"வின்ச் எங்க மாமா?"

"அது இல்லாம எடுத்துக்கினா சல்லிசா தர்றேன்னான். கழட்டிக்கடான்னுட்டேன்."

தெருவே சிரித்தது. "இன்னா அண்ணாத்த, மாட்டை வாங்கிகினு மடியை விட்டுட்டு வந்துட்டியா?"

"உன் இடுப்பைவிட அந்தத் துட்டு பெருசாப் பூடுச்சா? கஞ்சன்! கஞ்சனுக்கு வாழ்க்கப்பட்டேனே!" வச்சலா தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு அவரோடு பேசவே இல்லை.

மறுநாள் காலையில் படகு வந்தது. அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. படகு இழுக்கும்போது கயிற்றில் யார் கை வைத்தாலும் அவர்களுக்குப் பங்கு மீன். சந்திரம்மா கடைசி ஆளாகக் கயிற்றைப் பிடிப்பாள். புருஷனைக் கடல் கொண்டுபோனது. பிள்ளை குட்டி கிடையாது. கையில் வலு இல்லை. தொட்டுக்கொண்டு கூடவே நடப்பாள், அவ்வளவுதான். அந்தப் பங்கு மீனை அணுபுரத்தில் விற்றால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரியும்.

டாக்டர் சொன்னதையும் மீறிப் பக்தவச்சலமும் கயிறு பிடித்தார்; படகு ஏறியது. பக்தவச்சலம் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மீனைப் பிரித்தார். வச்சலா சந்திரம்மாவின் அன்னக்கூடையில் கூட இரண்டு சங்கரா மீனைப் போட்டாள்.

சந்திரம்மா அதை எடுத்துத் திரும்ப வைத்தாள். "கயிறு புடிச்சதுக்கு வாங்கிட்டேன் வச்சலா. இதுக்கு மேல வாங்குனா பிச்சை."

"கொழம்புக்குத்தான்க்கா."

"வோணாம்மா." வண்டியை ஒரு தரம் பார்த்தாள். "படகு இழுக்கற வண்டி வருதுன்னு சொன்னாங்கோ. இனிமே நம்ம கை எதுக்குன்னு நெனச்சிகினே கெடந்தேன். நல்லவேளை, இது இழுக்காதாமே!"

"எது வந்தா இன்னா அண்ணி?" என்றார் பக்தவச்சலம். "நீ கை வெக்காம இந்தப் படகு என்னிக்கு ஏறிச்சு?"

வச்சலா அவரைப் பார்த்தாள். அவர் கடலைப் பார்த்தார்.

கை துடைக்கத் துணி தேடி வண்டி சீட்டைத் தூக்கினாள். அடியில் ஒரு கோணிப்பை. பிரித்தால், அந்த உருளை. இரும்புக் கயிறு, கொக்கி, ஒன்றும் குறையவில்லை. சத்தம் போடாமல் பையைக் கட்டி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

சாயங்காலம் அவர் குப்புறப் படுத்திருக்க, இடுப்புக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"சீட்டுக்கு அடியிலயே கெடந்தா துரு ஏறிடாதா?"

அவர் மூஞ்சியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கிரீஸ் தடவித்தான் வெச்சிருக்கேன்" என்றார்.

அடுத்த நாளிலிருந்து கயிற்றில் அவர் நின்ற இடத்தில் வச்சலா நிற்கிறாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கோவளம் போனார்கள். "அந்த மூஞ்சியப் பார்த்துகினே போனேன்க்கா" என்றாள் என்னிடம்.

நீங்கள் அந்தக் கரைப் பக்கம் போனால் அந்தச் சிவப்பு வண்டியைப் பார்ப்பீர்கள். ஏன் வின்ச் இல்லை என்று மட்டும் தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள். பக்கத்தில் சந்திரம்மா இருப்பாள்.