காளியம்மா காட்டிய மைதானம்

"காளியம்மாக்கா, விளக்குமாத்தை வச்சிட்டு வாங்க. ஒரு அதிகாரி வந்திருக்காரு. நீங்கதான் இடத்தைச் சுத்திக் காட்டணும்லா," என்றார் அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி சதாசிவம்.

காளியம்மா விளக்குமாற்றைக் கீழே வைக்கவில்லை. "நானா? எந்த ஆபீஸ்லேருந்து தம்பி?"

"கவர்மெண்டு. உங்களைத்தான் கேக்குறாரு."

ஈப்போ விளையாட்டு வளாகத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை அவளுக்கு. கையில் இருப்பது குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாளக் கார்டு. வேலை பெர்மிட் போன மாதமே முடிந்துவிட்டது. பிறந்தது இதே ஊரில்தான்; அதைச் சொல்ல ஒரு தாள் இல்லை. பெர்மிட் இல்லாத பக்கத்து வீட்டு உடையப்பனை, அவர் பார்த்தே இராத இந்தியாவுக்குக் கப்பலேற்றியது கண்முன் வந்தது.

மைதானத்தின் ஓரத்தில் அதிகாரி கோப்போடு நின்றிருந்தார். மலாயில் கேட்டார்: "இதை எப்போது கட்டினார்கள்?"

அதிகாரிகள் முன்னால் அவளுக்கு மலாய் வராது. பேசாமல் நின்றால் சந்தேகம் வரும். சந்தையில் பழகிய மலாயில், ஐயா என்பதற்குத் துவான் போட்டு, மெல்லச் சொன்னாள்.

"எழுபத்திரண்டில், துவான். முன்பு இது ரப்பர் தோட்டம். இந்த ஓட்டப்பாதை இருக்கும் இடத்தில்தான் நான் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தேன்."

சொன்ன பிறகுதான் பகீரென்றது. தன் கதையைத் தானே எடுத்துக் கொடுக்கிறோமே.

"எத்தனை தடம்?"

"எட்டு. மழை விட்டால் அரைமணியில் காய்ந்துவிடும்."

நீச்சல் குளத்தருகே நின்றார். "ஆழம்?"

"குதிக்கும் பக்கம் பதினாறு அடி. போன வருஷம் ஒரு பெண் மேடையில் ஏறிவிட்டு, இறங்கப் பயந்து அழுதாள். நான்தான் ஏறிக் கூட்டி வந்தேன்."

அதிகாரி சிரித்தார். பிறகு கோப்பில் எழுதினார். அவர் எழுத எழுத அவள் வெளிவாசலைப் பார்த்தாள். கடைசியில் கார்டை வாங்கி எண்ணைக் குறித்துக்கொண்டார். சதாசிவத்திடம் ஏதோ சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

காளியம்மா அலுவலகத்துக்கு ஓடினாள். "என்னைப் புடிக்க எப்ப வருவாங்க தம்பி? பிள்ளைங்களை ஒரு தடவை பாத்துட்டு வந்திரவா?"

சதாசிவம் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கக்கா. முன்னமே சொல்லியிருந்தா இன்னைக்கும் வாய் திறந்திருக்க மாட்டீங்க. குடியுரிமைக்கு மலாய் பேசிக் காட்டுற பரீட்சை, மூணு தடவை போயி ஊமையா நின்னுட்டு வந்தீங்களே, அதுல இப்பதான் பாஸாயிட்டீங்க."