எழுபதாவது நிமிடம்

"நல்லா ஆடிட்டு இருந்தவனை எதுக்குய்யா வெளியே கூப்பிட்டீங்க?"

கால்பந்து சங்கத்தின் தலைவர் மேசையில் ஓங்கித் தட்டினார். இறுதி ஆட்டம் முடிந்து இருபது நிமிடம்கூட ஆகவில்லை. மைதானத்துக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் ஈர சாக்ஸ் நாற்றம் குப்பென்று அடித்தது. அதற்குள் விசாரணை.

பயிற்சியாளர் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

"தலையில அடிபட்டிருந்துச்சு சார்."

"அடியா? எதிர் டீம் ஆளோட லேசா மோதினான். விழுந்தான், எழுந்தான். ஊரே பார்த்துச்சு. ஒண்ணுக்குப் பூஜ்யம்னு ஜெயிச்சுட்டு இருந்தோம். எழுபதாவது நிமிஷத்துல இவனை எடுத்தீங்க. அப்புறம் வரிசையா ரெண்டு கோல் வாங்கினோம். கைக்கு வந்த கோப்பை போச்சு!"

விசாரணைக் குழுவின் மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். தலைவர் எது சொன்னாலும் அவர்கள் அதைத்தான் செய்வார்கள்.

செயலாளர் அம்மா தீர்மானப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார். பயிற்சியாளரை நீக்கும் தீர்மானத்தை அவர் கையால்தான் எழுத வேண்டும்.

"மூணு வருஷமா இருக்கீங்க. ஒரு கோப்பை உண்டா?" என்றார் தலைவர்.

"இல்ல சார். ஆனா இந்த மூணு வருஷத்துல என்கிட்ட ஆடினவங்க ஒருத்தர்கூட அடிபட்டு வீட்ல முடங்கிக் கிடக்கல."

"அதை அலமாரியில வச்சு அழகு பார்க்க முடியுமா?"

பயிற்சியாளர் கண் தலைவர் மேலேயே இல்லை. மூலை நாற்காலியில், துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆட்டக்காரன் மேல்தான் இருந்தது. காலில் அவ்வளவு வேகம் என்பதால் அணியில் அவனுக்குப் பெயர் 'எக்ஸ்பிரஸ்'. வெளியே அழைக்கப்பட்டதிலிருந்து யாரோடும் பேசாமல் உம்மென்று இருந்தவன், இப்போதுதான் வாயைத் திறந்தான்.

"எனக்கு ஒண்ணுமே இல்ல தலைவரே. இவருக்கு என்மேல பொறாமை. அத்தனை பேர் முன்னாடி பெஞ்சுல உட்கார வச்சு மானத்தை வாங்கிட்டாரு."

"தலை வலிக்குதாப்பா?" பயிற்சியாளர் மெதுவாகக் கேட்டார்.

"வலிக்கல!"

"குமட்டுதா? வாந்தி வர்ற மாதிரி ஏதாவது?"

"பாருங்க தலைவரே, மாசமா இருக்கிற பொண்ணுகிட்ட கேக்கிற மாதிரி கேக்கறாரு!"

தலைவர் கடகடவென்று சிரித்தார். மற்ற இருவரும் சிரித்தார்கள். செயலாளருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பயிற்சியாளர் நெற்றியில் ஏன் இப்படி வியர்த்துக் கொட்டுகிறது? வேலை போகிற பயமா, செய்த தப்பை மறைக்கிற பயமா? அவருக்குப் புரியவில்லை.

"சார், என்னை அனுப்பணும்னா அனுப்பிடுங்க. எங்க கையெழுத்துன்னு காட்டுங்க, இப்பவே போட்டுடறேன்." பயிற்சியாளர் மூலை நாற்காலியைக் காட்டினார். "முதல்ல இவனை ஆஸ்பத்திரிக்கு விடுங்க. ஆம்புலன்ஸ் இன்னும் வாசல்லயே நிக்குது. நான் கூப்பிட்டா வர மாட்டேங்கறான். நீங்க சொன்னா கேப்பான்."

"ஆஸ்பத்திரி எங்கயும் ஓடிப் போயிடாது. தம்பி சாட்சி சொல்லிட்டுப் போகட்டும்."

"சார், நேரம்..."

"உங்க நேரம் முடிஞ்சுபோச்சு கோச்! எழுதுங்கம்மா."

செயலாளர் பேனாவை எடுத்தார். 'தகுந்த காரணமின்றி ஆட்டக்காரரை மாற்றி, அணியின் தோல்விக்குக் காரணமாக இருந்ததால்' என்று தலைவர் சொல்லச் சொல்ல எழுதினார். பயிற்சியாளரை நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தைரியமில்லை.

தலைவருக்கு அது போதவில்லை. இன்னும் கொஞ்சம் காரம் சேர்க்க நினைத்தார்.

"தம்பி, நாம போட்ட அந்த ஒரு கோல் எப்படி விழுந்துச்சுன்னு உன் வாயால சொல்லு. அதையும் தீர்மானத்துல ஏத்திடலாம். படிக்கிறவங்களுக்கு அப்பத்தான் வயிறு எரியும்."

எக்ஸ்பிரஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அதுவா? நம்ம கேப்டன் அடிச்சதுதானே தலைவரே? சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமான கோல்."

தலைவர் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றது.

"விளையாடாதப்பா."

"இதுல என்ன விளையாட்டு? கேப்டன்தானே... இல்லையா? அப்போ கோல் போட்டது யாரு?" அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். "ஏன் எல்லாரும் என்னை இப்படிப் பாக்கறீங்க?"

பேனா தாளிலேயே நின்றுவிட்டது. தலைவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "கோச்..." என்றார்.

பயிற்சியாளர் அதற்குள் அவன் இடுப்பில் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டிருந்தார். "ஸ்ட்ரெச்சர்! ஸ்ட்ரெச்சர் கொண்டு வாங்க!" என்று வாசலைப் பார்த்துக் கத்தினார்.

அன்றைக்கு அணி போட்ட அந்த ஒரே கோலை அடித்தவன் எக்ஸ்பிரஸ்தான்.