பூட்டிய அலுமாரிக் கசெட்

லொங்குய்ய் நகரத்து வீட்டின் பேஸ்மென்றில், பிரிட்டிஷ் ராக் குழுவொன்றின் பாடல் காட்சிகள் அடங்கிய வீடியோ கசெட்டைச் சத்தியரூபன் பிரசாதம்போல இரு கையாலும் ஏந்தி வருகிறார். பூட்டிய அலுமாரிப் பொருள்; மனைவிக்கும் தொட அனுமதியில்லை. “இது இப்ப ஒருத்தரிட்டயும் இல்லை” என்று விருந்தாளியான என்னிடம் சொல்கிறார். திரையில் புகைக்குள் நான்கு சடைத்தலைகள் குதிக்க, அவர்களைப் பெற்றெடுத்தவர்போலத் தலையாட்டுகிறார். திடீரென்று படம் நடுங்கி, மகள் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியவீடு வருகிறது. தேத்தண்ணித் தட்டோடு வந்த மனைவி கஜந்தினி அப்படியே நிற்கிறாள். செத்துப்போன அவளுடைய தகப்பன் பேத்திக்கு அறுகரிசி தூவ, வலது கையை உயர்த்துகிறார். “ஐயா” என்கிறாள் மெதுவாக. பிறகு கணவரிடம், “வேறை கசெட் இல்லாமல், மேலால பதியாமலிருக்கக் கசெட் விளிம்பில விட்ட ஓட்டையை செலோரேப் ஒட்டி அடைச்சு, அண்ணை சாமத்தியவீட்டை இதிலதான் பதிஞ்சிருக்கிறார். அதுக்குப் பேந்துதானே நீங்கள் அலுமாரிக்குப் பூட்டுப் போட்டனீங்கள். அந்தப் படத்தை நான் தேடாத இடமில்லை, இந்த அலுமாரியைத் தவிர.” “உன்ர கொண்ணருக்கு மூளை கிடந்தால்தானே” என்கிறார் அவர். “மிச்சப் பாட்டாவது தப்பிச்சிருக்கோ பாப்பம்.” ரிமோட்டில் வேகமாக ஓட்டும் பொத்தானை அமுக்குகிறார். ஐயாவின் கை வெள்ளைக் கோடுகளுக்கிடையில் வெடுக்கு வெடுக்கென்று மேலும் கீழும் பறக்கிறது. கஜந்தினி தட்டை நிலத்தில் வைத்துவிட்டுத் திரைக்குக் கிட்டப் போகிறாள். சத்தியரூபன் பொத்தானிலிருந்து கட்டைவிரலை எடுக்கவில்லை.