நாலு மூலை மஞ்சள்

குயின் வீதியில் உள்ள, மத்திய அரசின் சமஷ்டி நீதிமன்றம். மனுக்கள் வாங்கும் ஜன்னலின் முன்னால் தவரூபி நிற்கிறாள். பக்கத்தில் அவளுடைய வழக்கறிஞரின் உதவியாளர் அனோஜா. இருவரின் ஜக்கெற்றிலிருந்தும் பனி உருகிச் சொட்டுகிறது. வியாழக்கிழமை நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று தவரூபிக்கு வந்த கடிதம் ஜன்னல் பலகையில் கிடக்கிறது. அதன்மேல் அனோஜா இன்னொரு தாளை வைக்கிறாள். மகள் தாயுடனேயே வாழ வேண்டும், ஒன்ராறியோவை விட்டுப் போகக்கூடாது என்று மாகாணக் குடும்ப நீதிமன்றம் நேற்றுப் போட்ட கட்டளை அது. "அந்த ஜட்ஜ் அம்மா இவையளுக்கு ஒரு போன் எடுத்துச் சொல்லமாட்டாவோ, தங்கச்சி?" என்று தவரூபி மெல்லக் கேட்கிறாள். "இல்லையக்கா. மகளின்ரை விசயம் அங்கை, நாடு கடத்துறது இங்கை. அங்கை சொன்னதை நாங்கள்தான் கொண்டுவந்து காட்டி, கடத்துறதை நிப்பாட்டச் சொல்லிக் கேக்கோணும்." ஜன்னலுக்கு அப்பால் நரைத்த தாடிக்காரர் தாளை விளக்குக்கு நேரே பிடிக்கிறார். அடியில் இருக்கும் மாகாணத்தின் சிவப்பு முத்திரையை விரலால் தடவிப் பார்க்கிறார். பிறகு மூலைகளுக்கு வருகிறார். காலையில் தாளைக் கோயிலில் சாமிக்கு முன்னால் வைத்தெடுத்தபோது தவரூபி தொட்டுவைத்த மஞ்சள் நாலு மூலையிலும் இருக்கிறது. இது எந்த நீதிமன்றத்தின் அடையாளம் என்று ஆங்கிலத்தில் கேட்கிறார். அனோஜா வாய் திறக்குமுன், "பிள்ளையாரின்ரை எண்டு சொல்லும், தங்கச்சி," என்கிறாள் தவரூபி. அனோஜா அப்படியே சொல்கிறாள். அவர் சிரிக்கவில்லை. வாங்கிக்கொண்டதற்கான தன் முத்திரையை எடுக்கிறார். மஞ்சளில் படாத இடமாகப் பார்த்துக் குத்துகிறார்.