கண்ணைத் திருப்பிய ட்ரோன்

கல்யாண வீட்டைப் படம் பிடிக்கக் கிளம்பிய ஒரு ட்ரோன், வழியில் ஒரு மொட்டைமாடிக்கு மேலே நின்றது. அங்கே ரெஜினா என்ற பெண் தலைத்துணியை அவிழ்த்துவிட்டு இளவெயிலில் உட்கார்ந்திருந்தாள். நோய்க்கு எடுத்த மருந்தில் அவள் முடியெல்லாம் கொட்டியிருந்தது. யாரும் பார்க்காத இந்த மாடியில் மட்டும்தான் அவள் தலையில் காற்றுப் படும்.

தண்ணீர்த் தொட்டிமேல் இருந்த காகம் பதறியது. "அண்ணே, கீழே பார்க்காதே! அது அவள் வீடு."

"வானம் எல்லாருக்கும் பொதுதானே? நீயும்தான் பார்க்கிறாய்!"

"நான் பார்த்தால் என்னோடு போகும். நீ பார்த்தால் ஊரே பார்க்கும்."

இரைச்சல் கேட்டு ரெஜினா நிமிர்ந்தாள். அவசரமாகத் துணியை எடுத்தாள். அதைப் பார்த்ததும் ட்ரோன் சட்டென்று தன் கண்ணை வானத்துப் பக்கம் திருப்பிக்கொண்டு விலகியது.

ரெஜினா துணியைத் திரும்பக் கீழே வைத்தாள். ட்ரோனை அண்ணாந்து பார்த்து, "நல்லா இரு ராசா," என்றாள்.

"யாரைச் சொல்கிறாள்?" என்று கேட்டது ட்ரோன்.

"உன்னைத்தான்."

ட்ரோன் கீழே பார்க்காமலே ஒரு வட்டம் அடித்தது. நன்றியெல்லாம் எப்போதும் கீழே ரிமோட் பிடித்தவருக்கே போகும்.

"நீ சொல்லாவிட்டால் இது எனக்குக் கிடைத்திருக்காது, தம்பி," என்று காகத்திடம் சொல்லிவிட்டு, மேளச் சத்தம் கேட்ட பக்கம் பறந்தது.