பூமிநாதனுக்கு வந்த பை

இறங்கியதும் யாருக்கு என்ன தேவைப்படும் என்று விமானக் கம்பெனிக்கே தெரிந்துவிடுகிறது. அதையே இலவசப் பையில் போட்டுத் தருகிறார்கள். ஜன்னலோரப் பெண்ணுக்கு மதுரை மழைக்கு ஒரு குடை. அடுத்தவருக்கு மூட்டுவலித் தைலம். பூமிநாதனின் பையைப் பார்த்ததும் பணிப்பெண் ஜெசிந்தா அதைத் தள்ளுவண்டியின் அடித்தட்டில் செருகிவிட்டாள்.

"மேடம், எனக்கு?"

"தீந்துருச்சுண்ணே. சாக்லேட் தரட்டா?"

அவன் சீட் பெல்ட்டைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான்.

"அப்பாவுக்கு சீரியஸ்னாங்க. போன் போட்டா ஆளாளுக்கு, 'நீ மொதல்ல வா'ங்குறாங்க. என் பைல அப்பாவுக்குப் போடுற கோடி வேட்டிதானே இருக்கு?"

அவள் எடுத்த சாக்லேட்டைத் திரும்ப வைத்தாள்.

"குடுத்துருங்க மேடம். அங்க அம்மா முன்னாடி அழ முடியாது. இங்கயே அழுதுட்டு எறங்கிக்கிறேன்."

ஜெசிந்தா அடித்தட்டை இழுத்தாள்.